லீக்ஸ் தைத்த சட்டை

டூட்டிங், லண்டன்
14-08-2022

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். அவரும் சுகம். நீங்களும் சின்னக்கா வீட்டாரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை ராசன் மாமாவின் மகள் போன கிழமைதான் கொண்டுவந்து தந்தாள். வந்து இறங்கி இரண்டு கிழமையாகப் பெட்டிக்குள் பனம்பழப் பினாட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. உறையைத் திறந்ததுமே பினாட்டு வாசம்தான் வந்தது. "போனில் எல்லாம் நல்லம் நல்லம் என்கிறாய், எழுத்தில் எழுது, உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கோடு போட்ட தாள் வாங்கி, மேசையில் இருந்து நிதானமாக எழுதுகிறேன். எங்கேயாவது எழுத்து கோணியிருந்தால் அது பேனையின் குற்றம்.

மூன்று மாதமாக ஒரு வரியும் எழுதாதது என் பிழை. ஏச வேண்டாம்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, ஜூலையில் இங்கே 40 பாகையைத் தாண்டி வெயில் எரித்தது. இந்த நாட்டிலேயே இதுவரை இல்லாத வெயிலாம். எங்கள் வீட்டில் காற்றாடி இல்லை. வீடுகளெல்லாம் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டியவை. ஈரத் துவாயை யன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தோம். புல்லெல்லாம் காய்ந்து, பூங்கா எங்கள் கோண்டாவில் காணி மாதிரி மஞ்சளாய்ப் போய்விட்டது.

சரி, நான் எழுத வந்த விசயம் வேறு. முந்திச் சொன்னேனே, இரவில் நரிக்குச் சாப்பாடு வைக்கிற கீழ் வீட்டுக் கிழவி, அவவோடு நான் எலிசபெத் மகாராணியின் சட்டை பார்க்கப் போனேன்!

அவவிடம் ராணியின் படம் போட்ட கோப்பை பதினொன்று இருக்கிறது. ஒன்றிலும் தேத்தண்ணி குடிக்க மாட்டா. வாரத்துக்கு ஒரு தரம் இறக்கித் துடைத்துத் திரும்ப அடுக்குவா. ராணி பட்டத்துக்கு வந்து 70 வருசம் என்று ஜூன் மாதம் எல்லாரும் கொண்டாடினார்கள்தானே, அப்போது எங்கள் படிக்கட்டு முழுக்கக் கொடி கட்டிவிட்டு, கேக் துண்டோடு வந்து கதவைத் தட்டினா. ராணியின் சட்டையை வைத்திருக்கிற கண்காட்சிக்கு அவவும் தங்கச்சியும் போக இருந்தது. தங்கச்சி விழுந்து காலை முறித்துக்கொண்டதால் ஒரு டிக்கெட் மிச்சம். அவவின் யன்னல் சீலைகளை நான்தான் கட்டையாக்கித் தைத்துக் கொடுத்தேன், அந்த நன்றிக்கு என்னைக் கூப்பிட்டா. நேரம் போகட்டும் என்று இப்போது அக்கம்பக்கத்துக்குச் சும்மா தைத்துக் கொடுக்கிறேன், வேறொன்றும் இல்லை.

இடம் வின்ட்சர் கோட்டை. கிளப்பம் சந்தியில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கிட்டத்தட்ட ஆயிரம் வருசமாக அரச குடும்பம் இருக்கிற இடம். ராணி கோடைக்கு ஸ்கொட்லாந்துக்குப் போய்விடுவாவாம். கோபுரத்தில் எந்தக் கொடி பறக்கிறது என்று பார்த்தே அவ உள்ளே இருக்கிறாவா இல்லையா என்று சொல்லலாம் என்று கிழவி எனக்குப் பாடம் எடுத்தா. வழியெல்லாம் பாடம்தான். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

செயின்ட் ஜோர்ஜ் மண்டபம் என்று ஒன்று. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கச் சின்னச் சின்னக் கேடயங்கள், ஒவ்வொரு வீரப்பிரபுவுக்கும் ஒன்று. சிலது வெறும் வெள்ளை. அதெல்லாம் பட்டம் பறிக்கப்பட்டவர்களுடையதாம். இந்த மண்டபம் 1992இல் எரிந்துபோய், ஐந்து வருசத்தில் பழையபடி மரம் இழைத்துக் கட்டியதாம். அதைக் கேட்டதும் எங்கள் யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வந்தது. கிழவியிடம் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் சொல்வதென்றால் முதலில் இருந்து விளக்க வேண்டும், நாங்கள் யார், அது எந்த ஊர், 1981இல் என்ன நடந்தது என்று. பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது சட்டைக்கு வருகிறேன். 1953 ஜூன் 2ஆம் தேதி முடிசூடும்போது போட்ட அதே சட்டை, அம்மா. அப்போது அவவுக்கு 27 வயது. வெள்ளைச் சாட்டின். தைத்தவர் நோர்மன் ஹார்ட்னெல் என்பவர். இடுப்பைப் பார்த்தால் எங்கள் சின்னக்காவின் மகளுக்குக்கூடப் பத்தாது, அவ்வளவு ஒடுக்கம். பாவாடைப் பக்கம் முழுக்கப் பட்டு நூல், பொன் நூல், வெள்ளி நூல், முத்து, மணி. நாடு நாடாய்ப் பூப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு ரோசா, கனடாவுக்கு மேப்பிள் இலை, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும்.

வேல்சுக்கு என்ன தெரியுமா? லீக்ஸ்! நீங்கள் பருப்புப் போட்டு வெள்ளைக் கறி வைப்பீர்களே, அதே லீக்ஸ். தைத்தவர் டாஃபடில் பூப் போடத்தான் நினைத்தாராம். அரண்மனையில் சின்னங்களுக்குப் பொறுப்பானவர், இல்லை, வேல்சின் சின்னம் லீக்ஸ்தான் என்று பிடிவாதமாய் நின்றாராம். மனுசன் என்ன பாடுபட்டிருப்பார் பாருங்கள். ஆனால் வடிவாய்த்தான் வந்திருக்கிறது. அடியில் வெள்ளையும் மேலே பச்சையுமாய்ப் பனித்துளி வைத்த மாதிரி மணி கோத்திருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். கிழவி முறைத்தா. எங்கள் ஊரில் இது கறி என்று சொன்னேன். அவ வீட்டில் சூப்பாம்.

அப்புறம், இலங்கைக்கும் ஒரு பூ இருக்கிறது, அம்மா. தாமரை. இந்தியாவுக்கும் தாமரைதான், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. எங்களுடையதில் ஓப்பல் கல்லும் முத்துச்சிப்பியும் மெல்லிய பச்சைப் பட்டும். 1954இல் ராணி கொழும்புக்கு வந்து பாராளுமன்றத்தைத் திறந்தபோது இதே சட்டையைத்தான் போட்டாவாம். சித்திரை வெயிலில் இவ்வளவு மணியையும் சுமந்துகொண்டு எப்படி நின்றாவோ. அப்பா இருந்திருந்தால் அந்த வருசத்துக் கதை ஏதாவது சொல்லியிருப்பார்.

பக்கத்திலேயே ஊதா வெல்வெட்டில் நிலத்தில் இழுபடுகிற மேலங்கி. தோளிலிருந்து நுனிவரை ஆறரை மீட்டர். நீங்கள் ஆறு முழம் என்று நினைக்க வேண்டாம், மீட்டர்! ஓரம் முழுக்கக் கோதுமைக் கதிரும் ஒலிவ் இலையும் பொன் நூலில். பொன் நூலிலேயே பதினெட்டு விதம். பன்னிரண்டு பெண்கள் தைத்தார்களாம், 3,500 மணித்தியாலத்துக்கு மேல். ரயிலில் வரும்போது கணக்குப் பார்த்தேன். ஒரு ஆள் நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருந்தால் 437 நாள், லீவே இல்லாமல். நீங்கள் என் கலியாண ரவிக்கைக்கு எத்தனை இரவு இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, ஊசியை நாக்கில் தொட்டு நூல் கோத்துக்கொண்டு. சட்டை தைத்தவரின் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். மேலங்கி தைத்த அந்தப் பன்னிரண்டு பேரின் பெயரை நான் சுற்றிச் சுற்றித் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

இன்னொரு விசயம். சட்டையின் இடப்பக்கம் ஒரு நாலிலைக் குளோவர்ச் செடியை ராணிக்கே சொல்லாமல் ஒளித்துத் தைத்தாராம் அந்த ஹார்ட்னெல், கை படுகிற இடத்தில், நல்லது நடக்கட்டும் என்று. நீங்கள் எங்கள் சட்டைகளின் உள்மடிப்பில் ஒரு சிவப்பு நூல் ஓட்டுவீர்களே, அதுதான். அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கினார்கள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று கிழவியிடம் சொன்னேன். கைலேஞ்சி தந்தா.

இப்போது நல்லூரில் திருவிழா. தேருக்குப் போவீர்கள்தானே? பச்சை சாத்தி வரும்போது எனக்காகவும் ஒரு தரம் கும்பிடுங்கள். எவ்வளவு பெரிய ராணியின் சட்டை என்றாலும், அலங்காரக் கந்தன் வெளியே வருகிற நேரம் சனம் "அரோகரா" என்று குரல் வைக்கிறதே, அது இங்கே இல்லை. எல்லாரும் பிள்ளைகளை "உஷ்" என்று அடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நகருகிறார்கள்.

கோட்டையில் ஒரு தேத்தண்ணியும் கேக்கும் விற்கிற விலையைச் சொன்னால் நீங்கள் மயங்கி விழுவீர்கள். எனக்குத் தாகமில்லை என்றேன். வாங்கில் இருந்து நான் கட்டிக்கொண்டு போன ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். கிழவி கண்ணில் தண்ணி வர வரச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டா.

சரி, வீட்டு விசயம். தையல் மெசினை விற்கப் போகிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஏதோ பழைய வாளியை விற்கிற மாதிரி. அம்மா, நாளும் பொழுதும் கரண்ட் நிற்கிற காலத்தில், காலால் மிதிக்கிற மெசினை விற்கிற ஆள் இந்த யாழ்ப்பாணத்தில் நீங்கள் ஒருவர்தான்! மோட்டர் மெசின் வைத்திருக்கிறவர்களெல்லாம் சும்மா இருக்கிற நேரம் உங்களுக்குத்தான் வேலை வரும். விற்க வேண்டாம். நான் அழுதுகொண்டு எழுதவில்லை, ஆனால் விற்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் பலகைக்குக் கீழே படுத்துத்தான் நான் நித்திரை கொள்வேன், உங்கள் கால் மிதிக்கிற சத்தத்தில். இங்கே எனக்கு நித்திரை வருகிறதில்லை.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். பாங்கில் ஏதோ மாற்றமாம். அவருக்கும் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள், அது நல்லதுதான், மனுசன் பகலில் வீட்டில் நிற்கிறார். செப்டெம்பரில் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை பால்மாவைச் சின்ன மாமாவின் கடையில் கடனுக்கு எடுங்கள், நான் அவரோடு கதைத்துவிட்டேன்.

கோண்டாவில் காணி உறுதியைப் பெரியத்தான் கேட்டால் கொடுக்க வேண்டாம். பெற்றோல் வரிசையில் நிற்க நேரமில்லாத மனுசனுக்குக் காணி அளக்க மட்டும் எப்படி நேரம் வந்தது? சின்ன மாமா பார்த்த பிறகுதான் கையெழுத்து.

சின்னக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு கார்த்திகையில் என்றால் ரவிக்கை அளவை இப்போதே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு இறக்கம். போன தரம் மாதிரி "சுமாராய்" என்று எழுதினால் தைக்க மாட்டேன்.

இதோடு மெசின் ஊசி ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன், பதினாறாம் நம்பர். தபாலில் உடையாமல் வர அட்டைக்குள் குத்தியிருக்கிறேன், கவனமாய்ப் பிரியுங்கள். கடிதத்தைப் பெரியத்தானிடம் காட்ட வேண்டாம்.

அன்பு மகள்,
சின்னவள்