210-ல இருந்து ஆரம்பிக்காத, தம்பி

தம்பிக்கு,

நேத்து நீ அனுப்புன மெசேஜ பஸ்ல வெச்சுதான் படிச்சேன். 'டார்க் ஷேடோஸ்'ங்கிற அந்தப் பழைய அமெரிக்கப் பேய் சீரியல்ல பத்து எபிசோடு பாத்தேன்க்கா, பயமே வரல, செட்டு ஆடுது, நடிக்கிறவங்க வசனத்த மறந்துட்டு முழிக்கிறாங்க, இதுக்குப் போயி இத்தன வருஷமா இப்படி உருகுறியேன்னு கேட்டிருந்த. அங்கயே பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு நாலு தடவ அழிச்சேன். மெசேஜ்ல அடங்குற விஷயம் இல்ல இது. அதான் கடுதாசியா எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க போடுறேன், உன்ன மாதிரியே பாதில விட்டவங்க இன்னும் எத்தனையோ பேர் இருப்பாங்க.

நீ எங்க இருந்து ஆரம்பிச்சன்னு கேக்கவே வேணாம். 210-வது எபிசோடு. ரசிகர்கள்ல பாதிப்பேரு அதத்தான் சொல்லுவாங்க, ரத்தக்காட்டேரி வர்ற எடத்துல இருந்து பாரு, அதுக்கு முன்னாடி ஒண்ணும் நடக்காது, நேரம் வேஸ்ட்டுன்னு. எனக்கு இதக் கேட்டாலே வயிறு எரியும். 1966 ஜூன் 27 திங்கக்கெழம ஆரம்பிச்ச சீரியல் அது, ஏபிசி சேனல்ல வாரத்துல அஞ்சு நாள், 1971 ஏப்ரல் 2 வரைக்கும் மொத்தம் 1225 எபிசோடு. அதுல மொத 209-ஐ தூக்கிப் போட்டுட்டு உள்ள போறது, கல்யாண வீட்டுக்கு நேரா பந்திக்குப் போற மாதிரி. சாப்பாடு கெடைக்கும், ஆனா யாருக்கு யாரு என்ன உறவுன்னு தெரியாது, எந்த மூலைல யாரு அழுதுக்கிட்டு இருக்காங்கன்னும் தெரியாது.

அந்த 209-ல என்ன இருக்குன்னு சொல்றேன் கேளு. விக்டோரியா வின்டர்ஸ்னு ஒரு பொண்ணு, அனாத ஆசிரமத்துல வளந்தவ, நியூயார்க்ல இருந்து ரயிலேறி மெயின் மாநிலத்துல காலின்ஸ்போர்ட்ங்கிற கடலோர ஊருக்கு வர்றா. காலின்வுட்னு ஒரு பெரிய பங்களாவுல ஒரு பையனப் பாத்துக்குற வேல. சீரியல உருவாக்குன டான் கர்டிஸுக்கு இந்த ரயில்ல வர்ற பொண்ணு ஒருநாள் கனவுலயே வந்தாளாம், அவர் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. அந்த பங்களாவோட எஜமானி எலிசபெத் பதினெட்டு வருஷமா வீட்ட விட்டு வெளிய காலே வெக்கல. ஏன்னு யாருக்கும் தெரியாது. கீழ ஒரு அறை பூட்டிக் கெடக்கு, சாவி அவங்ககிட்ட மட்டும். எலிசபெத்தா நடிச்சது ஜோன் பென்னெட், 1940-கள்ல ஃப்ரிட்ஸ் லாங் படங்கள்ல கதாநாயகியா வந்தவங்க. அவங்க அந்த ஹால்ல சும்மா படியெறங்கி வந்தாலே ஒரு பழைய காலம் எறங்கி வர்ற மாதிரி இருக்கும். பேயும் இல்ல பிசாசும் இல்ல, ஒரு வீடு, ஒரு ரகசியம், கடல் சத்தம், அவ்வளவுதான். வாரக்கணக்குல இதுலயே ஓடும்.

அப்புறம் எழுபதாவது எபிசோடு வரும். பங்களாவுக்குப் பக்கத்துல பாழடைஞ்ச பழைய வீடு ஒண்ணு இருக்கு, அங்க சுவத்துல ஜோசெட்ங்கிற பொண்ணோட படம் மாட்டியிருக்கும், ரொம்ப காலத்துக்கு முன்னாடி குன்றுல இருந்து குதிச்சு செத்தவ. எபிசோடு முடியப் போற நேரத்துல ஆளுங்க எல்லாரும் கெளம்பிப் போயிடுவாங்க. காமிரா மட்டும் அந்த காலி அறையிலயே நிக்கும். படம் லேசா வெளிச்சமாகும், அதுல இருந்து வெள்ளையா ஒரு உருவம் எறங்கி, வெளிய போயி, அந்தப் பெரிய தூணுங்களுக்கு நடுவுல தனியா ஆடும். பாக்குறதுக்கு அங்க யாருமே இல்ல, நம்மளத் தவிர. இத மொத தடவ பாத்தப்ப எனக்கு கை ரெண்டும் சில்லுன்னு ஆயிடுச்சு. எழுபது நாளா இந்த வீட்ல பேய் இருக்கா இல்லையான்னு ஒவ்வொருத்தரும் மழுப்பி மழுப்பி பேசுனதக் கேட்டுட்டு வந்தவங்களுக்குத்தான் அந்த அரை நிமிஷம் என்ன பண்ணும்னு புரியும். தனியா அந்த சீன மட்டும் எடுத்துப் பாத்தா உனக்கு ஒண்ணும் தோணாது, அது எனக்கும் தெரியும்.

இப்ப உன் 210-க்கு வர்றேன். வில்லி லூமிஸ்னு ஒரு திருட்டுப் பய கல்லறைக்குள்ள நகை தேடிப் போறான். சுவத்துல சிங்க மொகம், அது வாயில ஒரு வளையம், இழுத்தா ரகசிய அறை. உள்ள சங்கிலி சுத்தி பூட்டுன ஒரு சவப்பெட்டி. சங்கிலிய ஒடைச்சு மூடியத் தூக்குறான், உள்ள இருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தப் பிடிக்குது. நீ பாத்தது ஒரு கை. நான் பாத்தது வேற, பதினெட்டு வருஷமா வெளிய போகாத ஒரு பொம்பளையோட வீட்டுக்குள்ள இனிமே எது வரப்போகுதுன்னு. மறுநாள் எபிசோட்ல அந்த ஆளு கதவத் தட்டி, தொப்பிய கையில வெச்சுக்கிட்டு, இங்கிலாந்துல இருந்து வந்திருக்கேன், உங்க சொந்தக்காரன்னு அவ்வளவு மரியாதையா நிக்கிறான். ரத்தக்காட்டேரி ஜன்னல் வழியா வரல, உறவுமுற சொல்லிக்கிட்டு வாசல் வழியா வந்துச்சு. அந்த வாசல் எவ்வளவு நாளா பூட்டிக் கெடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான்டா அது பயம்.

அந்த ரத்தக்காட்டேரி பேரு பார்னபாஸ். பார்னபாஸா வந்த ஜொனாதன் ஃப்ரிட் கனடாக்காரர், ஷேக்ஸ்பியர் நாடகங்கள்ல நடிச்சிட்டு இருந்தவர். சீரியல் அப்ப படுத்துக் கெடந்துச்சு, நிறுத்தப் போறாங்கங்கிற நெலம, எப்படியும் போகப்போகுது ஒரு ரத்தக்காட்டேரியக் கொண்டு வந்து பாத்துடுவோம்னு டான் கர்டிஸ் துணிஞ்சாரு. கொஞ்ச வாரம் வந்துட்டு செத்துப் போற பாத்திரம்தான் அது. ஆனா ஃப்ரிட் அதுல ஒரு வெக்கத்தக் கொண்டு வந்தாரு. தான் என்னவா ஆயிட்டோம்னு நெனச்சு கூனிக் குறுகுற ஒருத்தன். பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க எல்லாம் இதப் பாக்க வீட்டுக்கு ஓடுவாங்களாம், அவர சாகடிக்கவே முடியாமப் போச்சு.

வசனம் மறக்குறாங்கன்னு சொன்னியே. ஆமா, மறக்குறாங்க. அப்ப வீடியோ டேப்ப வெட்டி ஒட்டுறது பெரிய செலவு, அதனால நாடகம் மாதிரி ஒரே ஓட்டமா எடுத்துட்டுப் போயிடுவாங்க, பெரிய தப்பு நடந்தாத்தான் நிறுத்துவாங்க. மைக்கோட நெழல் சுவத்துல விழும், கதவு தானாத் தொறந்துக்கும். ஃப்ரிட்டுக்கு வசனம் மனசுல நிக்கிறது எப்பவுமே கஷ்டம், கண்ணு பக்கத்துல இருக்குற, வசனம் காட்டுற டெலிப்ராம்ப்டர தேடிப் போகும். ஆனா நீ அடுத்த தடவ அந்தக் கண்ண மட்டும் பாரு. ஒரு வார்த்த கெடைக்காம தவிக்கிற மனுஷனோட கண்ணும், நூத்தி எழுபது வருஷம் பெட்டிக்குள்ள கெடந்துட்டு இந்த உலகத்துல எப்படிப் பேசுறதுன்னு தெரியாதவனோட கண்ணும் ஒண்ணாத்தான் இருக்கும். பிசிறே இல்லாம பேசுற நடிகன் வந்திருந்தா பார்னபாஸ் நமக்குக் கெடைச்சிருக்கவே மாட்டான், இத நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

இன்னொண்ணு, இத உங்கிட்டதான் சொல்ல முடியும். பெரியப்பா ஆஸ்பத்திரில இருந்த அந்த நாலு மாசம் ராத்திரி நாந்தான் கூட இருந்தேன், ஞாபகம் இருக்கும். வார்டுக்கு வெளிய ஒரு இரும்பு பெஞ்சு, ஒரு காதுல மட்டும் ஹெட்ஃபோன், இன்னொரு காது நர்ஸ் கூப்புடுறாங்களான்னு. ஒரு ராத்திரிக்கு மூணு எபிசோடு. அப்பதான் 1795-ம் வருஷத்துக் கதைய பாத்தேன். ஆவியக் கூப்புடுற ஒரு சீன்ல விக்டோரியா காணாமப் போயி அந்தக் காலத்துல போயி விழுவா, 1967 நவம்பர்ல ஆரம்பிச்சு மாசக்கணக்குல அந்தக் கதையேதான் ஓடும். பார்னபாஸ் சாதாரண மனுஷனா இருந்த காலம் அது. சூனியக்காரி ஆஞ்சலிக் அவனுக்கு ஏன் சாபம் குடுத்தா, ஜோசெட் ஏன் குதிச்சா, எல்லாம் அங்கதான் வரும். பார்னபாஸ் கடத்திட்டுப் போயி கீழ சிறைல அடைச்சு வெச்ச மேகிங்கிற பொண்ணுக்கு வந்து வழி சொல்லிட்டுப் போச்சே ஒரு சின்னப் பொண்ணு ஆவி, பார்னபாஸோட தங்கச்சி சாரா, அவ எப்படி செத்தாங்கறதும் அங்கதான் வரும். கடைசியில அப்பாக்காரர் ஜோஷுவாவுக்கு மகன் என்னவா ஆயிட்டான்னு தெரிய வருது. என்னக் கொன்னுடுங்கன்னு மகனே கேக்குறான். அவரால முடியல. அதனால பெட்டிய சங்கிலி போட்டுப் பூட்ட வெக்கிறாரு.

வில்லி ஒடைச்ச அதே சங்கிலி. 210-ல அது வெறும் இரும்பு. அதக் கட்டுனது ஒரு அப்பான்னு நமக்குத் தெரிய வர்றதுக்கு இன்னும் இருநூறு எபிசோடுக்கு மேல ஆகும். அன்னைக்கு அந்த பெஞ்சுல உக்காந்து அழுதத பாத்துட்டு நர்ஸ் வேற பயந்துட்டாங்க, ஐயாவுக்கு ஒண்ணும் இல்லம்மா தூங்குறாருன்னு வந்து சொன்னாங்க.

எல்லாமே நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரல. 1968-ல கனவு சாபம்னு ஒண்ணு வரும், ஒருத்தர் கண்ட கனவ அடுத்தவருக்குச் சொல்லணும், அவரும் அதே கனவக் காணணும், திரும்பத் திரும்ப அதே கதவுங்க, அந்த எடத்துல வேகமா ஓட்டிக்க. லெவியாத்தன் கதையும் எனக்கு ஒட்டல. ஆனா 1897 கதை, குவென்டின் வர்றது, அத விட்டுடாத. அப்புறம் டாக்டர் ஜூலியா. நடிச்சது கிரேசன் ஹால். 1964-ல வந்த ஒரு படத்துக்கு ஆஸ்கருக்குப் பரிந்துரையானவங்க, மத்தியான சீரியல்ல வந்து இப்படி உயிரக் குடுத்து நடிச்சிருக்காங்க. பார்னபாஸ குணப்படுத்த வந்து அவன் மேல ஆச வெச்சு, அவன் கடைசி வரைக்கும் ஜோசெட் ஜோசெட்னே பொலம்புறதப் பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருக்குற பொம்பள. 2012-ல இதே பேர்ல வந்த சினிமாவுல இவங்களையும் பார்னபாஸையும் சிரிப்புக்கு ஆக்குனத என்னால இன்னும் ஏத்துக்க முடியல. ஃப்ரிட் அதுல ஒரு கணம் வந்து போவாரு, படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முந்துன மாசம் 87 வயசுல போயிட்டாரு.

பழைய மாந்திரீகப் படங்க எது பாக்கலாம்னும் கேட்டிருந்த. ரெண்டு சொல்றேன், ரெண்டும் காத்திருக்க வெக்கிற படம்தான்.

ஒண்ணு 1957-ல ஷாக் டூர்னர் எடுத்த 'நைட் ஆஃப் தி டீமன்'. கார்ஸ்வெல்னு ஒரு மாந்திரீகன், ஒரு துண்டுத் தோல்ல மந்திர எழுத்து எழுதி உனக்கே தெரியாம உங்கிட்ட சேத்துடுவான், குறிச்ச நாள்ல உன் உயிர் போகும், தப்பிக்கணும்னா அதே மாதிரி அவனுக்குத் தெரியாம அவங்கிட்டயே திருப்பிக் குடுக்கணும். ஒரு சீன்ல அந்தத் துண்டு கை நழுவி நேரா கணப்பு நெருப்பப் பாத்துப் பறக்கும், முன்னாடி இருக்குற கம்பி வலைல போயி ஒட்டிக்கிட்டு படபடன்னு அடிச்சுக்கும், எரிஞ்சு போகத் துடிக்கும். ஒரு சின்னத் துண்டுதான்டா, அத விட பயமான ஒண்ணு அந்தப் படத்துல இல்ல. தயாரிப்பாளர் ஆரம்பத்துலயே பிசாசக் காட்டியாகணும்னு அடம் பிடிச்சு அந்த பொம்மைய நுழைச்சாரு, டூர்னருக்கு அது பிடிக்கல, எனக்கும் பிடிக்கல. நீ அது வர்ற எடத்துல சிரிப்ப, சிரிச்சுக்க, ஆனா படத்த நிறுத்தாத. கார்ஸ்வெல் கோமாளி வேஷம் போட்டு பசங்களுக்கு வித்த காட்டுறதையும், அவனே தான் கூப்புட்ட சக்திக்கு பயந்து வாழுறவங்கறதையும் பாரு. பார்னபாஸுக்கு சொந்தக்காரன் மாதிரியே இருப்பான்.

இன்னொண்ணு அதுக்கும் முன்னாடி, 1943, வால் லூட்டன் தயாரிச்ச 'தி செவன்த் விக்டிம்'. எழுபத்தியோரு நிமிஷம்தான். நியூயார்க்ல சாத்தான கும்புடுற ஒரு கூட்டம், கொம்பும் கெடையாது அங்கியும் கெடையாது, நல்லா உடுத்தி நாற்காலில உக்காந்திருக்குற பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி ஆளுங்க. ரகசியத்த வெளிய சொன்ன பொண்ண அவங்க கைய வெச்சு கொல்ல மாட்டாங்க, சுத்தி உக்காந்துக்கிட்டு, எதுர ஒரு விஷக் கிளாஸ வெச்சுட்டு, குடி, குடின்னு பொறுமையா சொல்லிட்டே இருப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்துல பக்கத்து வீட்டம்மா அன்பா இனிப்பு செஞ்சு கொண்டு வந்து குடுப்பாங்களே, அந்தக் கிண்ணத்துக்கு மூத்த அக்கா இந்த கிளாஸ். முடிவச் சொல்ல மாட்டேன். சத்தத்த மட்டும் கூட்டி வெச்சுக்க, கடைசியில மூடுன கதவுக்குப் பின்னால இருந்து ஒரே ஒரு சத்தம் வரும், லேசாத்தான் வரும்.

ஞாயித்துக்கெழம உனக்கு லீவுதான? வீட்டுக்கு வா, சித்தியையும் கூட்டிட்டு வா. மொத எபிசோட நானே போட்டு வெக்கிறேன். ராத்திரி நேரம், ரயிலு ஓடிக்கிட்டு இருக்கும், ஜன்னலோரமா அந்தப் பொண்ணு உக்காந்திருப்பா, எங்க போறோம்னு அவளுக்கும் சரியாத் தெரியாது.

அன்புடன்,
அக்கா