ஞாயிற்றுக்கிழமை திறந்த கதவு

நாகர்கோவில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம்.

பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் பிள்ளைகள் வைக்கும் கண்காட்சிக்குக் கூடமாட உதவப் போகிறேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? “படம் மாட்டி வைத்தால் ஊர் மாறிவிடுமா? வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்று நீ கேட்டிருந்தாய். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் ஓடவில்லை. இப்போது எழுத முடிகிறது.

பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு பையன் வெறும் கண்ணாடியைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் தலைப்பாகைத் துணி ஒன்றை வைத்திருந்தான். சாமித்தோப்பு அவனுக்குப் பக்கத்து ஊர். தலைப்பாகை கட்டக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களைக் கட்டச் சொல்லி, வணங்கும் இடத்தில் கண்ணாடியை வைத்தவர் அய்யா வைகுண்டர். அவர் மறைந்தது 1851-ல். அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நானும் பார்த்தேன். என் முகத்தை அப்படி நின்று பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஒக்கிப் புயலுக்காக ஒரு பழைய வலையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போனவர்களைக் கரையில் நின்று தேடிய வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். அதன் கீழே போய் நின்றவர்கள் யாரும் பேசவில்லை. அதைப் பற்றி நானும் அதிகம் எழுதவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒரு துணியைப் பற்றி. கல்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி, கோடித்துணியை, கஞ்சி போட்ட முரட்டுத் துணியைத்தான், ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கீழே ஓர் அட்டை. தோள்சீலைப் போராட்டம் நமக்குப் புதிதில்லை. 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஆணை போட்டார், நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று ஆனது, இதுவரை நாம் படித்ததுதான். அந்த ஆணையின் உள்ளே இருப்பதை அவள் எடுத்து எழுதியிருந்தாள். ஜாக்கெட் போடலாம், கடற்கரை மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. அத்தனை வருடம் அடிபட்டு, சீலை கிழிபட்டு வாங்கிய உரிமையிலும் அரண்மனை ஒரு கோடு போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. படித்தபோது எனக்கு உடம்பு பதறியது.

ஆனால் அந்தத் துணிக்கு முன்னால் யார் வந்து நிற்கப்போகிறார்கள்? கலைக்கூடம் திறந்திருப்பது வேலை நாளில், காலை பத்து முதல் சாயங்காலம் நாலரை வரை. அந்த நேரத்தில் கடப்புறத்து அம்மாமார் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கும் முந்திரி ஆலையில் இருக்கிறவர்களுக்கும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை திறக்கக் கேட்டோம். காவலுக்கு ஆள் இல்லை, வழக்கம் இல்லை என்றார்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடப்பதற்கே 1926-ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்த மாவட்டம் இது. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் வரை ஆனது. ஒரு பொது மண்டபத்தின் சாவிக்காக நாலு முறை கேட்பதில் என்ன வெட்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரே ஒரு ஞாயிறு கிடைத்தது.

அன்று காலைப் பூசை முடிந்து, கடற்கரை ஊர்களிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம் அம்மா, போட்டுக்கொண்டே வாங்க என்று சொல்லியும் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த ஊரில்தானே முப்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தேன், இவர்களில் ஒருவரையாவது ஒரு படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேனா?

எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா அந்தத் துணியைப் பிடித்துப் பார்த்தார். “தொடாதீர்கள்” என்று எழுதி வைத்திருந்ததை நல்லவேளையாக யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. “எங்க அம்மைக்க அம்மை இந்த மாதிரி துணிதான் கெட்டியிருப்பா. நான் இதைச் சும்மாடு கூட்டுவேன்” என்றார். பேத்தி அட்டையை வாசித்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, கல்குளத்துப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: “அவங்களுக்குக் கெட்டச் சொன்னது எங்க துணி. அப்போ எங்களைப் பத்தி யாரு மக்களே எழுதுனா?”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முக்கால் மணி நேரம் போல இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை போனால், அட்டையின் கீழே இன்னொரு அட்டை. அதில் அந்த அம்மாவின் கேள்வி, அவர் சொன்ன பேச்சிலேயே. “தொடாதீர்கள்” பலகையைக் காணவில்லை.

நீ கேட்டதற்கு என்னால் இதைத்தான் சொல்ல முடியும். அந்த அம்மாவின் வாழ்க்கை அன்று மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மறுநாள் அவர் மீன் விற்கத்தான் போயிருப்பார். ஆனால் எங்கள் கண்காட்சி மாறியது. நம் பாட்டிமாரின் அவமானத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குள்ளும் ஏதோ மாறியது. நம் கதையில் அளவுகோலாக மட்டும் வந்துபோன இன்னொருத்தியை நானும் இத்தனை காலம் பார்க்கவே இல்லையே. எனக்கு இருக்கும் நம்பிக்கை எல்லாம் இந்த மாதிரிக் கேள்விகளில்தான் இருக்கிறது. அவை உள்ளே வர ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் எல்லா ஞாயிறும் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன்.

அப்புறம் ஒரு உதவி. உங்கள் அம்மாச்சி மிஷன் வளாகத்தில் லேஸ் பின்னியவர். அவர் கையால் பின்னிய மேஜை விரிப்பு உன் பீரோவில் இருக்க வேண்டும். 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தபோது, அடிமை வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன், அப்படி ஒரு லேஸைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்து வா. துவைக்காதே, கறை இருந்தால் இருக்கட்டும்.

மட்டிப்பழம் ஒரு தார் உன் தம்பி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியிலேயே பழுத்துவிடும், வந்ததும் சாப்பிட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்துப் பெஞ்சுக்காரி