அடுப்பு உள்ளவரிடம் வழி கேள்

மயிலாடுதுறை

அன்புள்ள பாப்பா,

கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக் என்று மூன்று வாரம் தனியாகச் சுற்றிவரப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று கவலைப்பட வேண்டிய மனிதர், இந்த ஆண்டு அதை மறந்துவிட்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அங்கே அவளுக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்கிறார். 2019-இல் விருப்ப ஓய்வு பெற்ற கையோடு இதே மூன்று ஊர்களுக்கு நான் தனியாகப் போனபோதும் எனக்கு யாரையும் தெரியாது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். "நீ வயதானவள்" என்றார். அது உண்மைதான் என்பதால், அவருக்குச் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

வைத்தீஸ்வரன் கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நாடி ஜோதிடம் பார்க்க வேண்டுமா என்று நம்மோடு கூடவே நடந்து வருபவர்களை நீ சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். பாங்காக் அரண்மனையின் மதில் ஓரம் நடந்துகொண்டிருந்தபோது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் என்னை நிறுத்தி, இன்று புத்த சடங்கு இருப்பதால் பிற்பகல் வரை உள்ளே விடமாட்டார்கள் என்றும், அதுவரை இருபது பாத் தாய்லாந்துக் காசுக்கு ஒரு டுக்-டுக் ஆட்டோ பேசித் தருவதாகவும், வழியில் நல்ல ரத்தினக்கல் கடை ஒன்று இருப்பதாகவும் மிகுந்த அக்கறையோடு சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம்தான் என்றாலும், அந்தக் குழைவை நான் வைத்தீஸ்வரன் கோயில் கடைத்தெருவிலேயே கேட்டிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை நடந்தேன். அரண்மனை வழக்கம்போல் காலை எட்டரை மணிக்கே திறந்திருந்தது.

அந்தப் பயணம் முழுவதும் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தானாக வந்து பேசுபவருக்குப் புன்னகையோடு பதில் சொல்வேன், ஆனால் அவர் பின்னால் போகமாட்டேன். உதவி வேண்டுமானால் ஆளை நானே தேர்ந்தெடுப்பேன், அதிலும் அடுப்பு உள்ள ஆளாகப் பார்ப்பேன். சோற்றுக்கடை, தேநீர்க் கடை, வாழைப்பழம் பொரிக்கும் தள்ளுவண்டி எதுவானாலும் சரி. அடுப்பை விட்டுவிட்டு அவர்களால் நம்மோடு வர முடியாது. நாளையும் அதே இடத்தில் நிற்க வேண்டியவர்கள் என்பதால் தவறான வழி சொல்வதிலும் அவர்களுக்கு லாபம் இல்லை.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் ரயில் பாடாங் பெசார் எல்லை நிலையத்தோடு நின்றுவிடும். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில் முடிகிறது. அதன் பிறகு தாய்லாந்து ரயிலில் ஏறி ஹட்யாய் வழியாக பாங்காக் போகலாம். என் சீட்டில் மாலை ஐந்து மணி என்றிருந்தது. சிற்றுண்டிக் கடையில் அயர்ந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் ஐந்து இருபது. ரயில் போய்விட்டது, இரவு எங்கே தங்குவது என்று கைகால் பதறிப்போனது. அடுப்பருகே நின்ற, முக்காடிட்ட பெண்மணியிடம் ஒரு வார்த்தையும் பேசத் தெரியாமல் சீட்டை நீட்டினேன். அவர் எண்ணெய்க் கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்காக வைத்தார். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரக் கண்ணாடியின் மேல் விரலை ஒரு சுற்றுப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார். தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. சீட்டில் இருந்தது தாய்லாந்து நேரம். பிறகு, "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று பொருள். பாங்காக்கில் விடுதிக்கு எதிரே கஞ்சி விற்ற அம்மாளும் காலையில் என்னைப் பார்த்ததும், சோறு தின்றாயா என்றுதான் கேட்பார். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு முகமன் வேறு என்ன இருக்கும்?

(நீ போகும்போது ஹுவா லம்போங் நிலையத்தைத் தேடாதே. 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்கள் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன.)

நான் ஏமாந்தது ஒரே ஒரு முறை, அதுவும் தமிழில். கோலாலம்பூரில், "அக்கா, நம்ம ஊரா?" என்று கேட்ட டாக்சிக்காரர் இரண்டு மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டார். நம் மொழி காதில் விழுந்ததும் மனம் இளகிவிடுகிறது. அந்த இளகலில் தங்கும் விடுதியின் பெயரைச் சொல்லிவிடாதே. தனியாகவா வந்தாய் என்று யார் கேட்டாலும், அத்தை அறையில் படுத்திருக்கிறாள் என்று சொல். அந்தப் பொய்க்கு நான் தாராளமாகப் பயன்படட்டும்.

ஆனால் பினாங்குக் கிழவரும் தமிழில்தான் பேசினார். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்ததுதான். சூலியா என்ற பெயரே சோழ நாட்டாரைக் குறித்தது என்பார்கள். அங்கே தேநீர்க் கடையில் நான்தான் முதலில் வழி கேட்டேன். ஊரைக் கேட்டார், மாயவரம் என்றேன். நம் பக்கத்தில் அடுத்த கேள்வி யார் வீட்டுப் பெண் என்பதாக இருக்கும், அதன் உள்ளர்த்தம் உனக்கே தெரியும். அவரோ, மாயவரத்திலிருந்து நாகூர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராம். 1985-இல் சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்து அந்தப் போக்குவரத்தே நின்றுபோவதற்குள் ஒருமுறை வந்து பார்த்துவிட நினைத்தாராம், முடியவில்லை. மாயவரத்திலிருந்து காரைக்கால் வழியாகப் பஸ்ஸில் நாகூர் போய்விடலாம் என்றேன். கந்தூரிக் கொடி இன்னும் நாகப்பட்டினத்திலிருந்துதான் ஊர்வலமாக வருகிறதா என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் என் பதிலுக்காகக் காத்து நின்றார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை. தர்காச் சந்தனம் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அனுப்புகிறேன் என்று சொல்லி வந்தவள், மறு ஆண்டு கொரோனா வந்தது, பிறகு முழங்கால் வலி வந்தது என்று தள்ளிப்போட்டுவிட்டேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் நாகூர் போய்ச் சந்தனம் வாங்கி, சிறு டப்பாவில் அடைத்து, உன் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். பையில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொள். தர்கா வாசலுக்கு எதிர்ச்சாரியில் மூன்றாவது கடை. மாயவரத்து அம்மா கொடுத்தனுப்பினார் என்று சொன்னால் தெரியும். அவர் இல்லாவிட்டால், இப்போது அந்த அடுப்பில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
உன் அத்தை