ஒரு புள்ளிக்குள் நாலு பேர்

எங்கள் ஊர் நகரத்தார் சங்கப் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன தை மாதம் என் வீட்டுக்காரரின் சூதாட்டக் கடனைப் பேசி முடித்தீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். பங்காளிகள் பணம் போட்டார்கள், வெளியே தெரியவில்லை, அவரும் இனித் தொடமாட்டேன் என்று கோயில் வாசலில் சொன்னார். சித்திரைக்குள் அதைவிடப் பெரிய கடன். முன்பு ரம்மி. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடை கொண்டுவந்ததும், ஆள் வைத்துக் கிரிக்கெட் பந்தயம்.

சங்கக் கணக்கில் எங்கள் வீடு ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். அந்தப் புள்ளிக்குள் அவரைத் தவிர மூன்று பேர் இருக்கிறோம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மாமியார், அயித்தைக்கு 72 வயது. பெட்டகச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் தூங்குகிறார். தூங்குகிறார் என்பது பேச்சுக்கு. ராத்திரி இரண்டு தடவை எழுந்து வீட்டின் பின்பக்கம் இரண்டாங்கட்டுவரை நடந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள். மேட்ச் இருக்கிற நாளில் அவளுக்கு வயிறு வலிக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அப்பச்சி, அதாவது அவள் அப்பா, செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குப் பணம் வந்ததா போனதா என்று சொல்லிவிடுவாள். எனக்குப் போன நாளைவிட வந்த நாள்தான் பயம். அன்றைக்கு அல்வாவும் பூவும் வாங்கி வருவார், மறுநாள் இருக்கிறதையெல்லாம் சேர்த்துப் பந்தயத்தில் வைப்பார்.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பித்தளைத் தூக்கைப் பார்த்தேன். திருப்பினால் அடியில் என் பிறந்த வீட்டு விலாசம் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு எங்க ஆத்தா சாமான் பரப்பியபோது வைத்தது. யார் வீட்டுச் சாமானோ என்பதுபோல விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சூதில் சிக்கிய ஒருவரால் சராசரியாக ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். எங்கள் வீட்டில் மூன்று. கடன் கொடுத்து ஏமாந்த என் அண்ணன், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் என்று சேர்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் இதைச் சேட்டை என்கிறீர்கள், ‘கொஞ்சம் அனுசரித்துப் போ ஆச்சி’ என்று என்னிடம் சொல்கிறீர்கள். இன்னும் எவ்வளவு?

தயவுசெய்து இன்னொரு முறை கடனை அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு முதல் கிடைத்தது என்றுதான் அவருக்குப் படுகிறது. அவரை மனநல டாக்டரிடம் அழைத்துப்போக உங்களில் இரண்டு பேர் கூட வாருங்கள். நான் கூப்பிட்டால் வரமாட்டார், உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்படுவார். அப்புறம், சங்கத்து அறிவிப்புப் பலகையில் 14416 என்று பெரிதாக எழுதி வையுங்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; இலவசம், தமிழில் பேசலாம், வீட்டில் இருக்கிறவர்களும் கூப்பிடலாம். மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நான் கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கு ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்.

ஆனி மாதக் கூட்டத்துக்கு அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். அயித்தையும் நானும் கூட வருகிறோம். இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருமகள் ஒருத்தி