தம்பி, அந்தச் சிவப்புத் தொப்பி விஷயம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. சிங்கத்தலை போட்ட சட்டை, கழுத்து நிறையப் பவளம், தலையில் சிவப்புத் தொப்பி. கடையிலேயே போட்டுப் பார்த்து எடுத்திருக்கிறாய் போல. "எங்க வீட்டுக்கு ராஜா வந்துட்டார் அத்தை" என்று உன் பெண்டாட்டி குரல் செய்தி வேறு அனுப்பியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொப்பியில் ஒரு கழுகு இறகைச் செருகியிருக்கிறாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

உங்கள் கம்பெனி அந்த ஊரில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுத்தது, ஊர் சந்தோஷப்பட்டு உனக்குப் பட்டம் தருகிறது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நைஜீரியாவின் எனூகுவில் நீ வேலைக்குப் போய் நாலு வருஷமாகிறது, ஊர்க்காரர்கள் உன்னைத் தங்களில் ஒருவனாக நினைக்கிறார்கள் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் கசக்கும்? ஆனால் உனக்கு வரப்போவது ஒரு வகைப் பட்டம். நீ தலையில் வைத்திருக்கும் இறகு வேறு வகைப் பட்டத்துக்கு உரியது. உன் வயதில் இருக்கிற, அந்தப் பக்கத்து இக்போ இனப் பையன்களிலேயே பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நீ குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் நீ மூன்று வயது வரை வளர்ந்தது, இறகுக்கு உரிய அந்த ஒசோ பட்டம் எடுத்த ஒருவர் வீட்டுத் திண்ணையில்.

நானும் அப்பாவும் 1978இல் அங்கே போனோம். எண்ணெய்ப் பணத்தில் நைஜீரியா பள்ளிக்கூடங்களாகத் திறந்துகொண்டிருந்த காலம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்பாவுக்குக் கணக்கு, எனக்கு வேதியியல். ஆவ்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வீடு. ஆவ்கா பெயர் போன கொல்லர்களின் ஊர். அந்தக் காலத்தில் அவர்கள் உலையையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போய் வேலை செய்துவிட்டு வருவார்களாம். எங்கள் வீட்டுக்காரரின் தாத்தாவும் அப்படிப்பட்டவர். வீட்டுக்காரர் ஒனிட்சா சந்தையில் இரும்புச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார்.

நல்ல மனுஷர். கள் இறக்க ஆள் வைக்காமல், இடுப்பில் கயிற்றைக் கட்டித் தானே பனையில் ஏறுவார். (நம்மூர்ப் பனை இல்லை, எண்ணெய்ப்பனை.) இறங்கினதும் நேராக நம் வீட்டு வாசலுக்கு வருவார். நான் எலுமிச்சைச் சாதம் கிண்டிய நாளென்றால் வாசனை பிடித்தே வந்துவிடுவார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார், நீ அவர் தட்டிலிருந்து நிலக்கடலை பொறுக்குவாய்.

சஹாராவிலிருந்து தூசிக்காற்று வீசும் ஒரு ஹர்மட்டான் காலத்தில் அவர் ஒசோ பட்டம் எடுத்தார். கவனி, 'எடுத்தார்'. அந்த ஊரில் ஒசோவை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அவர் எத்தனை வருஷம் தயார் செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது. போருக்கு முன்னால் அவர் கையில் நல்ல காசு இருந்ததாம். நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற இக்போக்காரர்களின் பியாஃப்ரா 1970இல் தோற்றபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டு என்று கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்த 20 பவுண்டிலிருந்து மறுபடி கடை, மறுபடி கூரை, தம்பிமார் படிப்பு, அப்புறம்தான் பட்டம். சொந்தத் தேவையெல்லாம் முடிக்காமல் ஒசோவுக்குப் போனால் ஊர் சிரிக்கும். சில ஊர்களில் அப்பா எடுக்காமல் மகன் எடுக்க முடியாது, அந்தக் கணக்கு வேறு.

சடங்குகளில் பாதி நான் பார்க்கவில்லை, பெண்களுக்கு அங்கே இடமில்லை. வெளியே நடந்ததைத்தான் பார்த்தேன். பசு வெட்டினார்கள், பெருவள்ளிக் கிழங்கு மலையாகக் குவிந்தது, நாள் கணக்கில் சாப்பாடு. கடைசியில் அவர் வெளியே வந்தபோது சிவப்புத் தொப்பி, அதில் கழுகு இறகு, கணுக்கால் இரண்டிலும் கயிறு, கையில் இரும்புக்கோல், தோல் விசிறி. ஊதுவதற்கு யானைத் தந்தம். அன்றிலிருந்து அவருக்குப் புதுப் பெயர். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதைக்குறைவு. நான் நாலு நாள் தடுமாறினேன்.

அவர் கட்டிய பணம் எங்கே போனது என்று அப்பாதான் விசாரித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா. எந்தக் கஜானாவுக்கும் போகவில்லை. ஏற்கெனவே பட்டம் எடுத்தவர்கள் தகுதிப்படி பிரித்துக்கொண்டார்கள். இனிமேல் புதிதாக யார் எடுத்தாலும் இவருக்கும் ஒரு பங்கு வரும். சாகும் வரை வரும். அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது சீட்டுப் பிடிக்கிற மாதிரி இருக்கே, வயசான காலத்துக்கு பென்ஷன்" என்றார். பணக்காரன் காசைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் ஊர் வயிற்றுக்கும் பெரியவர்கள் கைக்கும் கொண்டுவருகிற வேலையையும் இந்தப் பட்டம்தான் செய்தது. பணமாக இருந்தது மரியாதையாக மாறிவிடும்.

சரி, நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. எலுமிச்சைச் சாதம் கிண்டினேன். அவர் வாசல் வழியாகப் போனார், கூப்பிட்டேன். சிரித்தார், விசிறியை ஆட்டினார், போய்விட்டார். மறு வாரமும் அப்படியே. பட்டம் வந்ததும் நம் வீட்டுச் சாப்பாடு இளப்பமாகிவிட்டதா என்று எனக்கு ஒரே கோபம். பத்து நாள் அவர் மனைவியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. கடைசியில் அந்த அம்மாவே வந்து சொன்னார்: ஒசோக்காரர் கண்ட இடத்தில் சாப்பிடக் கூடாது. மரம் ஏறக் கூடாது. தலையில் சுமை தூக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. வழக்கு என்று வந்தால் சொந்தத் தம்பி பக்கம் தப்பு இருந்தாலும் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "உன் சாதத்தின் வாசனை வரும்போதெல்லாம் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவர் பனை ஏறும் கயிறு அதன்பிறகு திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. நீ அதைப் பிடித்து ஆடுவாய்.

இப்போது உனக்கு வரும் பட்டத்துக்கு வருகிறேன். 'இக்போவுக்கு அரசன் கிடையாது' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு, கேட்டிருப்பாய். ஒனிட்சாவின் ஓபி, ன்ரியின் எஸே என்று பழைய காலத்திலிருந்தே சில விதிவிலக்குகள் இருக்கின்றன. மற்றபடி பெரும்பாலான ஊர்களை நடத்தியது பெரியவர்களும் பட்டக்காரர்களும் பங்காளிக் கூட்டங்களும்தான். வெள்ளைக்காரனுக்கு அது பிடிபடவில்லை. தலைவன் இல்லாத ஊரா என்று, கையில் கிடைத்த ஆட்களுக்கெல்லாம் வாரண்டு எழுதிக் கொடுத்துத் தலைவனாக்கினான். அந்த வாரண்டுத் தலைவர்கள் ஆடிய ஆட்டம்தான் 1929இல் வெடித்தது. ஒலோகோ என்ற ஊரில், வாரண்டுத் தலைவர் அனுப்பிய ஆள் வீடு வீடாக ஆட்களையும் ஆடுகளையும் எண்ணிக்கொண்டு வந்தான். பெண்கள் மீதும் வரி போடப் போகிறார்கள் என்று பேச்சு. ன்வான்யெருவா என்ற அம்மாள் அவனைப் பார்த்து, உன் அம்மாவை யாராவது எண்ணினார்களா என்று கேட்டார். அங்கிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கிளம்பிவிட்டார்கள். பட்டாளம் சுட்டதில் 50 பெண்களுக்கு மேல் செத்தார்கள். நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தலைவர் ஒகூகோவின் பதவித் தொப்பியைக் கழற்ற வைக்கும்வரை அந்தப் பெண்கள் விடவில்லை. அவர் ஜெயிலுக்கும் போனார். மேலேயிருந்து வந்த தொப்பி, ஊர் கேட்டதும் இறங்கிவிட்டது.

நைஜீரியா 1976இல் உள்ளாட்சியைச் சீர்திருத்தியபோது, ஊருக்கு ஒரு தலைவர், இக்வே அல்லது எஸே என்று அரசாங்க அங்கீகாரத்தோடு மறுபடி வந்தார்கள். நாங்கள் போன சமயம் அது புதுசு. திண்ணையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். இக்வே தரும் 'சீஃப்' பட்டம்தான் உனக்கு வருவது. அது ஒரு நன்றி. அதில் கணுக்கால் கயிறும் கிடையாது, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கிடையாது. நல்லவர்களுக்கும் கிடைக்கிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணத்தை வைத்திருப்பவர்களுக்கும் கிடைக்கிறது. இந்தப் புலம்பலை அந்த ஊர்க்காரர்களே உன்னிடம் சொல்வார்கள். அதனால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. மறுத்தால் ஊர் மனம் புண்படும். வாங்கிக்கொள், ஆனால் இன்னது வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கு.

அந்த இறகு கதை நேற்றையது இல்லை தம்பி. இக்போ-உக்வூ என்று ஒரு ஊர், உன் இடத்திலிருந்து காரில் போய்விட்டு வரலாம். ஐசாயா அனோஸி என்பவர் 1930களின் கடைசியில் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலச் சாமான்களாக வந்தன. அப்புறம் 1959இல் தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியல் ஆராய்ச்சியாளர் முறைப்படி தோண்டினார். ஒன்பதாம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஒரு குழியில் ஒரு பெரிய மனுஷரை உட்கார வைத்தே புதைத்திருந்தார்கள். பக்கத்தில் யானைத் தந்தங்கள், விசிறிப் பிடி, லட்சத்துக்கு மேல் மணிகள். விசிறிப் பிடி என்று படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுக்காரர் வாசல் வழியாக விசிறியை ஆட்டிக்கொண்டு போனதுதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் பெருமை என்று நினைத்துவிடாதே. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரர், கையில் காசும் உண்டு. அவரிடம் நான் விவரம் தெரியாமல் "நீங்கள் எப்போது ஒசோ எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேச்சை மாற்றினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டினார். அவர் ஒசூ, தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வம்சம். 1956லேயே அதைச் சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. ஆனால் பட்டம், கல்யாணம் என்று வந்தால் சட்டம் வாசலோடு நின்றுவிடும். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் எந்த ஊரிலிருந்து போனவள்? உன் விழாவிலும் யாரோ ஒருவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார், கண்ணில் பட்டால் நீயே போய்ப் பேசு.

பெண்களுக்குப் பட்டமே இல்லையா என்று உன் பெண்டாட்டி கேட்பாள். உண்டு என்று சொல். ஒனிட்சாவில் ஒடு சங்கத்து அம்மாமார் காலில் கனமான தந்தக் காப்புகளோடு சந்தைக்குள் வந்தால் கூட்டம் தானாக விலகும். கனத்தினால் மெதுவாகத்தான் நடக்க முடியும், அந்த மெதுநடையே ஒரு தோரணை. ன்னோபி பக்கம் பெண்களுக்கு எக்வே என்று பெரிய பட்டம் இருந்தது. ஆனாலும் விருந்தாளிக்கு மரியாதையாக உடைத்துப் பங்கு போடும் கோலாக்கொட்டையை உடைக்கும் உரிமை மட்டும் பெண்களுக்குக் கிடையாது. ஆறு வருஷம் இருந்தும் ஒன்றுகூட என்னை உடைக்க விடவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இனி சில வேலை. உனக்குத் தரப்போகும் பட்டப்பெயருக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். அங்கே பட்டப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். 'பசு வெட்டியவர்' என்றுகூட ஒரு பெயர் உண்டு. ஊர்ச் சங்கத்துக்குச் சம்மதமா என்று விசாரி, இக்வே மட்டும் சொன்னால் போதாது. செலவு யாருடையது என்று முதலிலேயே பேசு. பட்டம் வாங்கியபின் பள்ளிக்கூடக் கூரை, திருவிழா, சாவு என்று எல்லாவற்றுக்கும் ஆள் வருவார்கள், முகம் சுளிக்காதே. விசிட்டிங் கார்டில் 'சீஃப்' என்று அச்சடிக்காதே, எனக்குத் தெரிந்தால் கிழித்துப் போடுவேன். கோலாக்கொட்டைக்கு முன்னால் இங்கிலீஷில் நன்றியுரை ஆற்றாதே. கோலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பார்கள், அங்கே ஒரு பெரியவர் இக்போவில் பிரார்த்தனை சொல்லி முடிக்கட்டும். ஒசோக்காரர்கள் புறங்கையை மூன்று முறை தட்டித்தான் கைகொடுப்பார்கள். அது அவர்களுக்குள் இருக்கும் வழக்கம், நீ பாட்டுக்குப் புறங்கையை நீட்டிவிடாதே.

அப்புறம், முடிந்தால் ஒரு தடவை எங்கள் பழைய ஊருக்குப் போய்விட்டு வா. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. அவர் மகன் இருப்பான், உன்னைவிடப் பத்து வயது மூத்தவன், உன்னை முதுகில் தூக்கித் திரிந்தவன். கோலாக்கொட்டை வாங்கிக்கொண்டு போ. உன் பட்டத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. திண்ணைச் சுவரில் அந்த ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வா.

இறகைப் பிடுங்கி வைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்டுவதற்கு அந்தப் படம்தான் வேண்டும்.

அன்புடன்,
அம்மா