சனி, ஞாயிறில் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள சிமெண்ட் கல்) செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். நாலு காசு பார்க்க வேண்டும், அதோடு ஊரும் வேலை செய்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தொழில் செய்பவர்கள் சிலர், சென்ற சனி, ஞாயிறு காரைக்குடியில் கூடினோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தொழிலில் அவசரம் ஆகாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்க வேண்டும். பிறகு தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் காயாது. வேலை செய்கிறவர்கள் வீட்டில் மட்டும் உலை கொதித்தாக வேண்டும். அந்த வாரங்களிலும் கூலி கொடுக்கிறேன் என்றால் சொந்தக்காரர்களே, "இப்படிப் பண்ணினா எப்படிப்பா முன்னுக்கு வருவே, பேசாம சிங்கப்பூர் போ" என்கிறார்கள். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கூட்டத்தில் கொட்டான் (பனை ஓலைக் கூடை) முடையும் ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் தொழிலைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மழைக்காலத்துல கூலிக்கு என்ன பண்றீங்க தம்பி?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்களுக்கும் அதே பாடுதான், ஓலை காய வெயில் வேண்டும். விற்கிற ஒவ்வொரு கொட்டானிலும் ஒரு சிறு தொகையை மழைக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்களாம். அந்தக் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினார். வரும் தை முதல் என் பட்டறையிலும் அப்படித்தான்.

கண்டாங்கி நெய்யும் அண்ணன் ஒருவரும் வந்திருந்தார். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது. அதன் பெயரிலேயே விசைத்தறிச் சேலை விற்பதை அவர் சொல்ல, பூக்கல் டிசைனை அச்சடித்த டைல்ஸ் வருவதை நான் சொன்னேன். அப்புறம் பேச்சு கானாடுகாத்தானில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளுக்குப் போனது. கல், சேலை, கொட்டான் மூன்றும் அங்கே தேவைப்படுகின்றன. நாங்கள்தான் தனித்தனியாகப் போய் நிற்கிறோம். இனி மாதிரிகளை ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டுவதென்று முடிவு செய்தோம்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து போன நகரத்தார் (செட்டியார்கள்), சிங்கப்பூரில் ஒரே கிட்டங்கியில், அதாவது ஒரே கட்டடத்தில், பல கடைக்காரர்களாகப் பக்கத்துப் பக்கத்தில் பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்த இருக்கை) போட்டு உட்கார்ந்து தொழில் செய்தார்கள். ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். போட்டிக்காரர்கள்தான், ஆனாலும் கூடினார்கள். இன்றைக்குக் கைத்தொழில் செய்கிற எங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. கடன் வாங்குவது எப்படி என்று சொல்லும் முகாம்கள் நடக்கின்றன, அவையும் தேவைதான். ஆனால் அங்கே அதிகாரி பேசுவார், நாங்கள் கேட்போம், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்றே தெரியாது.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாதம் ஒரு சனி, ஞாயிறு, ஒரு கூடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தர மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். வட்டமாக உட்காரப் பாய் போதும், சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்வோம். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்கள் யாராவது முகப்பையும் வளவையும் (உள்முற்றத்தையும்) அந்த இரண்டு நாள் திறந்துவிட்டாலும் சரி. கூட்டிப் பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

இப்படிக்கு,
பூக்கல் பட்டறைக்காரர்,
ஆத்தங்குடி.