பகல் பதினொரு மணி ஸ்பீட் டெஸ்ட்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ட்ராய் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ராத்திரியில் மொபைல் நெட் மந்தமாகிறது என்ற எங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று போன வாரம் கம்பெனியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. தீர்த்த விதத்தைக் கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு தம்பி வந்தார், வாசலில் நின்றபடி ஸ்பீட் டெஸ்ட் போட்டார், 38 எம்பிபிஎஸ் காட்டியது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரச்சினை ராத்திரி எட்டு மணிக்குத்தான் தம்பி என்றதற்கு, "அது லோடு சார், அப்போ எங்கேயும் அப்படித்தான்" என்றார். அவர்மேல் கோபமில்லை, அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

என் அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பகலில் ஜவுளிக்கடை வேலை, படிப்பெல்லாம் ராத்திரி யூடியூப் நேரலை வகுப்பில்தான், அதனால் முன்கூட்டியே டவுன்லோடு போட்டு வைக்கவும் வழியில்லை. எட்டு மணிக்கு மேல் வீடியோ நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், ஓடும். தரம் மட்டும் தானாக 144க்கு இறங்கிவிடும். வாத்தியார் குரல் நன்றாகக் கேட்கும், பலகையில் எழுதியது 3ஆ 8ஆ என்று தெரியாது. 480க்கு மாற்றினால் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். தனிவட்டிக் கணக்கில் வட்டி விகிதமே தெரியாமல், வாத்தியார் கடைசியில் சொல்லும் விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்து, "அப்போ அது 8தான் மாமா" என்கிறாள். அதற்குள் வகுப்பு இரண்டு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஸ்பீட் டெஸ்ட் ஆப் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகள் போட்டு, சில நொடி இழுத்துப் பார்க்கிறது. வீடியோவுக்குத் தேவை ஒரு மணி நேரம் தடங்கலில்லாத வரத்து. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தன் சர்வரிலிருந்தே வேகம் பார்க்க ஃபாஸ்ட் டாட் காம் கொண்டுவந்தது, அதே ஆண்டு நீங்களும் மைஸ்பீட் ஆப் கொடுத்தீர்கள். வண்டியில் போய்க்கொண்டே நெட்வொர்க்கை அளக்கும் உங்கள் டிரைவ் டெஸ்டில் வீடியோ தொடங்க ஆகும் தாமதத்தையும் அளக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு என்ன தரத்தில் ஓடியது என்பதல்லவா எங்கள் பிரச்சினை? காலை ஐந்து மணிக்கு அண்ணா சாலையில் வண்டி ஓட்டிவிட்டு, சென்னையில் டிராஃபிக்கே இல்லை என்று எழுதிக்கொடுத்தால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

ஆகவே கேட்பது இதுதான்: ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரை, வீட்டுக்குள், வீடியோவை ஓடவிட்டு அளங்கள். அதைத் தெரு அளவில் இல்லாவிட்டாலும் பின்கோடு வாரியாகவாவது வெளியிடுங்கள்.

பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று 2023இல் அரசு வரையறுத்தது. அது பகலுக்கு மட்டும் என்று எங்கும் சொல்லவில்லையே. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது அது ராத்திரிக்கும் சேர்த்துத்தான் ஏறியது. 28 நாளை ஒரு மாதம் என்று வைத்து வருடத்துக்கு 13 ரீசார்ஜ் வாங்கும் கணக்கில் கம்பெனிகளுக்கு ஒரு நாள்கூடத் தவறுவதில்லை, நீங்களே 2022இல் 30 நாள் பிளான் ஒன்றாவது வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. விளம்பரத்தில் 5ஜி பறக்கிறது, எங்கள் மொட்டை மாடியில் ஒரு கோடு சிக்னல் வருகிறது. சரி, அந்தப் புலம்பல் வேண்டாம்.

தயவுசெய்து இன்னொன்றையும் சேருங்கள். ராத்திரி நேரப் புகாரைப் பகல் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மூடக்கூடாது என்று கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போடுங்கள். புகார் சொன்ன நேரத்தில், புகார் சொன்ன வீட்டுக்குள், வீடியோ போட்டுப் பார்த்துவிட்டு மூடட்டும். அந்தத் தம்பி எட்டு மணிக்கு வந்தால் டீ போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல், அதாவது 28 நாள் தவறாமல், ரீசார்ஜ் செய்யும் ஒரு வாடிக்கையாளர்